பைசாந்திய வரலாறும் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்குப் பைசாந்தியப் பாடல் ஒன்றைப் போட்டுக் காட்டினால், பாட்டு முடிந்ததும் கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. வரலாறு தெரியாமல் இந்த இசை முழுதாகப் பிடிபடாது. இசையைக் கேட்காவிட்டால் அந்த வரலாறும் வெறும் அரசர் பட்டியலாக நின்றுவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பைசாந்தியம்னா எந்த நாடு? இப்போ மேப்ல எங்கே இருக்கு?

அந்தப் பெயரில் இப்போது நாடு கிடையாது. ரோமப் பேரரசின் கிழக்குப் பாதிதான் அது. பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் பைசாந்தியோன் என்றொரு பழைய கிரேக்க ஊர் இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை விரிவாக்கி, 330 மே 11 அன்று புதிய தலைநகராகத் தொடங்கிவைத்தார். அவர் பெயராலேயே அது கான்ஸ்டான்டிநோபிள் ஆனது. இன்றைய இஸ்தான்புல் அதே நகரம்தான்.

மேற்கே ரோம ஆட்சி 476-இல் முடிந்துபோனது. கிழக்கில் அது 1453 மே 29 வரை, அதாவது இன்னும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நடந்தது. எல்லை எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலி, வட ஆப்பிரிக்கா, எகிப்து, சிரியா எல்லாம் அதன் கையில் இருந்தன. அடுத்த நூற்றாண்டிலேயே எகிப்தும் சிரியாவும் அரபுப் படைகளிடம் போயின. 15-ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது தலைநகரும் கிரேக்கத்தில் கொஞ்சம் நிலமும்தான் மிச்சம்.

அவங்க ரோமர்களா கிரேக்கர்களா? ரெண்டும் சொல்றாங்களே.

பேசியது கிரேக்கம். தங்களைச் சொல்லிக்கொண்டது ரோமர்கள் என்று. ஒருவரைத் தடுத்து 'நீங்கள் பைசாந்தியரா?' என்று கேட்டிருந்தால், 'தலைநகர்க்காரரா?' என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். நாட்டுக்கே 'பைசாந்தியம்' என்ற பெயரை வைத்தது பிற்கால அறிஞர்கள். ஹியரோனிமஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1557-இல் வெளியிட்ட தொகுப்பில் இருந்து அது பரவ ஆரம்பித்தது. அப்போது அந்தப் பேரரசு மறைந்தே நூறு ஆண்டு ஆகிவிட்டது.

சட்டமும் நிர்வாகமும் ரோமில் இருந்து வந்தவை, மொழியும் கல்வியும் கிரேக்கம், வழிபாடு கிறிஸ்தவம். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

ஆயிரம் வருஷமா வீழ்ந்துகிட்டே இருந்த சாம்ராஜ்யம்னு படிச்சேன். அதுல என்ன பெருமை?

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்தாளர்கள், முக்கியமாக எட்வர்ட் கிப்பன், அப்படி ஒரு சித்திரத்தை வரைந்துவிட்டார்கள். அது இன்னும் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை. ஆயிரம் ஆண்டு நின்ற ஓர் அரசை வீழ்ச்சி என்ற ஒரே சொல்லால் விளக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

413-இல் கட்டி முடித்த, தலைநகரைக் காத்த தியோடோசியன் மதில் கூட்டம் கூட்டமாக வந்த படைகளை நூற்றாண்டுக் கணக்கில் திருப்பி அனுப்பியது. 6-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்க வைத்த ரோமச் சட்டம்தான் பின்னாளில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டப் படிப்புக்கு அடிப்படை. பழைய கிரேக்க நாடகங்களும் தத்துவ நூல்களும் இன்று நம் கைக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு பைசாந்தியத்தில் உட்கார்ந்து படியெடுத்தவர்களுடையது. பேரரசுக்கு விழுந்த மிக மோசமான அடி 1204-இல் விழுந்தது. கொடுத்தவர்கள் சக கிறிஸ்தவர்கள். நான்காம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய படை எருசலேமுக்குப் போகாமல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தின் புகழ்பெற்ற வெண்கலக் குதிரைகள் அப்போது எடுத்துப் போனவை. 1261-இல் நகரம் மீண்டும் கைக்கு வந்தது, ஆனால் பழைய பலம் திரும்பவில்லை.

ஹேகியா சோபியா சர்ச்சா, மசூதியா, மியூசியமா?

மூன்றாகவும் இருந்திருக்கிறது, இப்போது மசூதி. கான்ஸ்டான்டிநோபிளில் 537-இல் அதைத் தேவாலயமாகத் திறந்தார்கள். 1453-இல் சுல்தான் இரண்டாம் மெகமது நகரைப் பிடித்ததும் மசூதி ஆனது. துருக்கிக் குடியரசு 1934-இல் முடிவெடுத்து அதை அருங்காட்சியகமாக்கியது. 2020-இல் திரும்பவும் மசூதியானது.

அது எழுந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 532 ஜனவரியில் குதிரைப் பந்தய மைதானத்து ரசிகர் கூட்டங்களான நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் ஒன்றுசேர்ந்து ஜஸ்டினியனுக்கு எதிராகக் கிளம்பின. நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது, பழைய தேவாலயமும் எரிந்தது. அந்தச் சாம்பலின் மேல் ஆறு ஆண்டுக்குள் அந்தேமியஸ், இசிதோர் என்ற இருவர் எழுப்பியதுதான் இன்று நாம் பார்க்கும் கட்டடம். சுமார் 31 மீட்டர் அகலக் கவிமாடம், அடியில் 40 ஜன்னல்கள். முதல் கவிமாடம் 558-இல் சரிந்தது. அடுத்ததை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள்.

ஜஸ்டினியன் பெரிய மகான் மாதிரி சொல்றீங்க. ஆயிரக்கணக்கான பேரைக் கொன்னவர்தானே?

ஆமாம். மேலே சொன்ன கலகத்தைப் படையை விட்டு அடக்கினார். பந்தய மைதானத்துக்குள் சுமார் 30,000 பேர் கொல்லப்பட்டதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். அதே புரோகோப்பியஸ் ஒரு நூலில் ஜஸ்டினியனின் கட்டடங்களை வானளாவப் புகழ்ந்தார். ரகசியமாக எழுதிவைத்த இன்னொரு நூலில் அவரை அரக்கன் என்றே எழுதினார். அந்த அழகான கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கொலைகளையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இசையை நேசிப்பதற்காக அரசர்களை நேசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, பாட்டுக்கு வாங்க. பைசாந்திய இசைன்னா என்ன?

இன்று அந்தப் பெயரில் நாம் கேட்பது, கிழக்கு ஓர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழிபாட்டில் வாயால் பாடப்படும் இசை. மெட்டு ஒன்றே ஒன்று. பலர் பாடினாலும் எல்லோரும் அதே மெட்டைத்தான் பாடுவார்கள். மேற்கத்திய கோரஸ் போல நான்கு குரல் நான்கு வழியில் போகாது. கிரேக்கத்தில் உருவானது என்றாலும் அரபு, ருமேனியன், ஸ்லாவிய மொழிகளிலும் பாடுகிறார்கள்.

வலப்பக்கம் ஒரு குழு, இடப்பக்கம் ஒரு குழு என இரண்டாக நின்று மாறி மாறிப் பாடுவது வழக்கம். வலப்பக்கத் தலைமைப் பாடகருக்கு புரோதோப்சால்திஸ் என்று பெயர், இடப்பக்கத்தவர் லம்பதாரியோஸ். ஜஸ்டினியன் 535-இல் போட்ட ஒரு சட்டம் ஹேகியா சோபியாவில் எத்தனை பேர் ஊழியம் செய்யலாம் என்று வரம்பு கட்டியது: 425 பேர். அதில் 110 பேர் வாசகர்கள், 25 பேர் பாடகர்கள். செலவைக் கட்டுப்படுத்துவதற்காகப் போட்ட சட்டத்திலேயே இத்தனை பேர் என்றால், அதற்கு முன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இது அந்த ரஷ்யன் சர்ச் கோரஸ்தானே? ரொம்ப கனமான பேஸ் குரல்ல பாடுவாங்களே?

வேர் ஒன்று, கிளை வேறு. 988-இல் கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிர் பைசாந்தியக் கிறிஸ்தவத்தை ஏற்றார். அப்போது வழிபாட்டோடு இசையும் அங்கே போனது. அது அங்கே ஸ்னாமென்னி என்ற ஒற்றை மெட்டுப் பாணியாக வளர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மேற்கே இருந்து பல குரல் இசை வந்து அதை ஓரங்கட்டியது. நீங்கள் சொல்லும் கனத்த கோரஸ் அதற்குப் பின் வளர்ந்தது.

வாத்தியமே கிடையாதா? மேற்கே சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறாங்களே.

தேவாலயத்துக்குள் வாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான். ஆனால் பைசாந்தியர்களுக்கு ஆர்கன் நன்றாகவே தெரியும். அரண்மனைச் சடங்குகளிலும் பந்தய மைதானத்திலும் அது முழங்கியது. 757-இல் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்கிய அரசர் பெப்பினுக்கு ஒரு ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். மேற்கு ஐரோப்பாவில் அதைப் பெரிய அதிசயமாக ஆண்டுக்குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். பின்னாளில் மேற்கத்தியத் தேவாலயங்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த வாத்தியம், அங்கே மறுபடி அறிமுகமானது தன் தேவாலயத்தில் அதை அனுமதிக்காத ஒரு நாட்டில் இருந்து.

பின்னாடி ஒருத்தர் ஒரே சுருதியில இழுத்துகிட்டே இருக்காரே, அது தம்பூரா மாதிரியா?

காதுக்கு அப்படித்தான் படும். அதற்கு ஈஸோன் என்று பெயர். மெட்டைப் பாடுபவருக்கு ஆதாரமாகச் சிலர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்பார்கள். தம்பூரா கச்சேரி முழுக்க ஒரே ஆதாரத்தில் நிற்கும். ஈஸோன் அப்படி இல்லை. மெட்டு வேறு ஸ்வரக் கூட்டத்துக்கு நகர்ந்தால் ஈஸோனும் கூடவே நகரும். எப்போது நகர வேண்டும் என்று தெரிவதுதான் ஈஸோன் பிடிப்பவரின் தேர்ச்சி. சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இடைக்காலச் சுவடிகளில் ஈஸோன் பிடிக்கும் முறை எழுதப்படவில்லை. அந்த வழக்கம் பற்றிய தெளிவான குறிப்பு 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. அதனால் ஜஸ்டினியன் காலத்திலும் ஈஸோன் இருந்தது என்று அடித்துச் சொல்பவர்களை நம்பிவிட வேண்டாம்.

எட்டு ராகம்தானாமே? எட்டுல என்ன பாடிட முடியும்?

எட்டு 'ஈஹோஸ்' உண்டு. நான்கு முதன்மையானவை, அவற்றோடு இணைந்த துணை முறைகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்வர அமைப்பு, நின்று முடிக்கும் இடங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் போன்ற மெட்டுத் துணுக்குகள் உண்டு. ஒரே ஈஹோஸிலும் மூன்று நடை இருக்கிறது. ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்று விறுவிறுவென்று போகும் நடை ஒன்று. அசைக்குச் சில ஸ்வரங்கள் என்று மிதமாகப் போவது இன்னொன்று. மூன்றாவது நடையில் சில சொற்களைப் பாடி முடிக்கவே பல நிமிடங்கள் ஆகும். நடை மாறினால் அதே ஈஹோஸ் ஸ்வர அமைப்பே மாறிவிடுவதும் உண்டு. ஆகவே எட்டு என்பது கதவுகளின் எண்ணிக்கைதான். உள்ளே இடம் நிறைய இருக்கிறது.

இந்த எட்டும் காலத்தோடு கட்டப்பட்டவை. ஈஸ்டருக்குப் பின் தொடங்கி வாரத்துக்கு ஒரு ஈஹோஸ், எட்டு வாரத்தில் ஒரு சுற்று, திரும்பவும் முதலில் இருந்து. இந்தச் சுற்றுக்கான பாடல் தொகுப்பை டமாஸ்கஸ் யோவான் என்ற 8-ஆம் நூற்றாண்டுத் துறவியின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அவர் வாழ்ந்தது பேரரசின் எல்லைக்கு வெளியே, இஸ்லாமியக் கலிபாவின் ஆட்சியில்.

கீபோர்டுல வாசிச்சுப் பார்த்தேன், சேரவே மாட்டேங்குது. அவங்க சுருதி தப்பிப் பாடறாங்களா?

கீபோர்டில் அந்த ஸ்வரங்கள் இல்லை. 1880-களில் கான்ஸ்டான்டிநோபிளின் ஓர்த்தடாக்ஸ் தலைமைப்பீடம் அமைத்த குழு ஸ்வர இடைவெளிகளை அளந்து கணக்குச் சொன்னது. அதன் வழியில் இன்று ஒரு ஸ்தாயியை 72 நுண்பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே எப்போதும் 6 பகுதி. முழு இடைவெளி என்றால் 12. பைசாந்திய அடிப்படை வரிசையில் 12, 10, 8 என்று மூன்று வித இடைவெளி வருகிறது. பத்தையும் எட்டையும் எந்தக் கட்டையில் தேடுவீர்கள்?

அவர்களுடைய ஸ்வரப் பெயர்கள் பா, வூ, கா, தி, கே, ஸோ, நி. இதில் வூ, ஸோ இரண்டும் மேற்கத்தியக் காதுக்குக் கொஞ்சம் இறங்கினதாகப் படும். கொஞ்ச நாள் கேட்டால் அந்த இறக்கம்தான் பாட்டின் உயிர் என்று தெரியவரும்.

நம்ம வாக்கேயக்காரர்கள் மாதிரி அங்கே யாராவது உண்டா?

உண்டு. முதலில் சொல்ல வேண்டியவர் ரோமனோஸ். சிரியாவின் எமெஸாவில் (இன்றைய ஹோம்ஸ்) பிறந்தவர். பெய்ரூட்டில் ஊழியம் செய்துவிட்டு, 6-ஆம் நூற்றாண்டில் தலைநகருக்கு வந்தார். கொந்தாகியோன் என்ற வடிவத்தின் பேராசான் அவர். பல சரணங்கள் கொண்ட, பாட்டாகவே போகும் பிரசங்கம் அது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒரே வரி திரும்ப வரும். கூட்டம் அதைச் சேர்ந்து பாடும். சரணங்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் 'எளிய ரோமனோஸ் பாடியது' என்பது போல முத்திரை வரும். கனவில் மரியாள் கொடுத்த சுருளை விழுங்கி எழுந்தார், கிறிஸ்துமஸ் பாடல் பிறந்தது என்பது அவரைப் பற்றிய பக்திக் கதை. அவர் போட்ட மெட்டுகள் காலத்தில் தொலைந்துவிட்டன. இன்று வழிபாட்டில் அவர் பாடல்களின் முதல் ஒன்றிரண்டு பத்தி மட்டும் பிற்கால மெட்டில் ஒலிக்கிறது.

அடுத்து யோவான் கூகூஸெலிஸ், 14-ஆம் நூற்றாண்டு. இன்றைய அல்பேனியாவின் துரெஸ் பக்கத்தில் பிறந்து, கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் உள்ள லாவ்ரா மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். மெட்டை நீட்டி, மடக்கி, அலங்கரித்துப் பாடும் 'அழகுக்குரல்' பாணியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர்.

பெண்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். பெண் துறவியர் மடங்களில் பாட்டு அவர்களுடையதுதான். பெயர் தெரிந்தவர்களில் முதன்மையானவர் 9-ஆம் நூற்றாண்டுக் கஸ்ஸியா. கஸ்ஸியானி என்றும் சொல்வார்கள். 830-இல் இளம் பேரரசர் தியோஃபிலோஸுக்குப் பெண் பார்க்கும் சடங்கில் அவரும் நின்றார் என்கின்றன பழைய வரலாறுகள். 'பெண்ணால்தான் உலகத்துக்குத் தீமை வந்தது' என்று ஏவாளை மனதில் வைத்து அரசர் சீண்டினார். 'பெண்ணால்தான் நன்மையும் வந்தது' என்று மரியாளை மனதில் வைத்து கஸ்ஸியா திருப்பிக் கொடுத்தார். அரசர் நகர்ந்துபோய்த் தியோடோரா என்ற வேறொரு பெண்ணைத் தேர்ந்தார். இந்தக் காட்சி எழுதப்பட்டது ஒரு நூற்றாண்டு கழித்து என்பதால் ஆய்வாளர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு.

கஸ்ஸியா துறவியானார், கான்ஸ்டான்டிநோபிளில் மடம் நிறுவினார், பாடல்கள் எழுதினார். அதில் சந்தேகமில்லை. திருவுருவங்களை வழிபடக் கூடாது என்று தியோஃபிலோஸ் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவற்றின் பக்கம் நின்றவர் அவர். இயேசுவின் பாதத்தில் விழுந்து அழுத பாவிப் பெண்ணின் குரலில் அவர் எழுதிய பாடலை, ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தின் செவ்வாய் மாலையில் இன்றும் பாடுகிறார்கள். கிரேக்கத்தில் வருடம் முழுதும் தேவாலயம் பக்கம் போகாதவர்கள்கூட அந்த மாலை அதைக் கேட்க வருவார்கள். பாவத்தின் இருட்டில் இருந்து மெதுவாக மேலே ஏறும் அந்த மெட்டுக்காக மட்டுமே இந்த இசையைப் பழகலாம் என்று நான் நினைக்கிறேன்.

நடுவுல 'தெ ரி ரெம், தெ ரி ரெம்'னு வருதே, அது என்ன மொழி?

எந்த மொழியும் இல்லை. பொருளற்ற அசைகளில் பாடும் அந்தப் பகுதிக்குக் கிராதிமா என்று பெயர். மேலே சொன்ன கூகூஸெலிஸ் காலத்தில் இது பெரிதாக வளர்ந்தது. வழிபாட்டில் சடங்கு நீளும்போது பாட்டையும் நீட்ட இது உதவியது. சொல்லால் துதித்து முடித்த பின் வானதூதர்களைப் போலச் சொல்லில்லாமல் துதிப்பது என்று துறவிகள் விளக்கம் தருவார்கள். இசைக்காரர்களுக்கு இது மெட்டைச் சொல்லின் பாரம் இல்லாமல் பறக்க விடும் இடம்.

இதையெல்லாம் எழுதி வெச்சாங்களா, காது வழியா வந்ததா?

இரண்டும். 10-ஆம் நூற்றாண்டில் இருந்தே ஸ்வரக் குறிகளோடு சுவடிகள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் முறை துல்லியமானது. மேற்கத்தியக் குறிமுறை 'இந்த ஸ்வரத்தைப் பாடு' என்று சொல்லும். பைசாந்தியக் குறி 'இப்போது இருக்கும் இடத்தில் இருந்து ஒரு படி ஏறு, இரண்டு படி இறங்கு' என்று சொல்லும். ஈஸோன் என்ற பெயரிலேயே ஒரு குறி உண்டு: இருந்த இடத்திலேயே நில் என்று பொருள். ஒலிகோன் ஒரு படி ஏற்றம், அபோஸ்த்ரோஃபோஸ் ஒரு படி இறக்கம். ஒரே படி ஏறுவதற்கே வேறு வேறு குறிகள் இருக்கின்றன. அழுத்தி ஏறுவதா, மென்மையாக ஏறுவதா, சுழற்றி ஏறுவதா என்பதை அவை காட்டும்.

வழியில் ஒரு குறியைத் தவறாகப் படித்துவிட்டால் மீதி முழுக்கத் தடம் மாறிவிடும். அதனால் நடுநடுவே, இப்போது எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்று காட்டும் சாட்சிக் குறிகளையும் வைத்தார்கள். ஆனாலும் நுணுக்கங்கள் ஆசிரியர் வாயில் இருந்துதான் வர வேண்டும்.

1453-ல நகரமே போயிடுச்சு. அப்போ பாட்டும் முடிஞ்சிருக்கணுமே?

முடியவில்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமான பதில் இதுதான். அரசு போனது, அரண்மனை போனது, ஹேகியா சோபியா கைமாறியது. திருச்சபையின் தலைமைப்பீடம் சுல்தானின் அனுமதியோடு நகரத்திலேயே தொடர்ந்தது. பாடகர்களும் தொடர்ந்தார்கள். அரண்மனைப் பாடகராக இருந்த மனுவேல் கிரிஸாஃபிஸ் நகரத்தின் வீழ்ச்சிக்கு ஒரு புலம்பல் இயற்றினார். 'கடவுளே, அந்நியர் உமது உடைமைக்குள் புகுந்துவிட்டார்கள்' என்ற பழைய விவிலியச் சங்கீதப் பாடல் வரிகளை அதற்கு எடுத்துக்கொண்டார். ஆதோஸ் மலை மடங்களில் சுவடிகளைப் படியெடுப்பதும் நிற்கவில்லை.

பழைய குறிமுறை நாளடைவில் மிகச் சிக்கலாகி, கற்றுக்கொள்ளப் பல வருடம் பிடித்தது. 1814-இல் கிரிஸாந்தோஸ், கிரிகோரியோஸ், ஹூர்மூஸியோஸ் என்ற மூன்று ஆசிரியர்கள் அதை எளிமையாக்கினார்கள். பா, வூ, கா என்ற பெயர்கள் அப்போது வந்தவை. 1820-இல் புக்கரெஸ்டில் முதல் இசை நூல் அச்சானது. இன்று பாடுபவர்கள் எல்லோரும் அந்த மூவரின் பிள்ளைகள் என்று சொல்லலாம். 2019-இல் யுனெஸ்கோ இந்த இசையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில், கிரேக்கம், சைப்ரஸ் இரண்டின் பெயரிலும் சேர்த்தது.

உண்மையைச் சொல்லுங்க, இது துருக்கி, அரபு இசை மாதிரிதானே இருக்கு? ஒரிஜினல் கெட்டுப் போச்சா?

இதில் அறிஞர்களே நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். 1931-இல் கோபன்ஹேகனை மையமாக வைத்துக் கார்ஸ்டன் ஹேக், ஈகோன் வெல்லெஸ், ஹென்றி டில்யார்ட் மூவரும் பழைய சுவடிகளை மேற்கத்தியக் குறிமுறைக்கு மாற்றும் பெரிய வேலையை ஆரம்பித்தார்கள். அவர்கள் பார்வையில் பழைய மெட்டுகள் எளிமையானவை. நுண்சுருதியும் அலங்காரமும் துருக்கியர் காலத்தில் ஒட்டியவை. கிரேக்கப் பாடகர்கள் கொதித்துப் போனார்கள். சுவடியில் இருப்பது சுருக்கெழுத்து, அதை விரித்துப் பாடும் வழி தலைமுறை தலைமுறையாகக் காது வழி வந்தது என்பது அவர்கள் வாதம்.

என் தீர்ப்பு இது: கொடுக்கல் வாங்கல் நிச்சயம் நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பெரும் பாடகர் பெலோபோனேசியப் பெத்ரோஸ் ஓட்டோமன் துருக்கியரின் மகாம் என்ற ராக முறை இசையிலும் கைதேர்ந்தவர். துருக்கிய இசைவாணர்கள் மத்தியிலும் அவருக்குப் பெரிய பெயர் இருந்தது. ஆனால் சிரியாவும் எகிப்தும் ஒரு காலத்தில் பைசாந்திய நிலங்கள்தான். யார் யாரிடம் இருந்து எடுத்தார்கள் என்ற கணக்கை ஒரே திசையில் போட முடியாது. ரோமனோஸே சிரியர் என்பதை மறக்க வேண்டாம். வாழும் இசை எதுவும் ஐந்நூறு வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்காமல் இருக்காது. அதைக் 'கெட்டுப் போச்சு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேரளாவுல ஓர்த்தடாக்ஸ் சர்ச் இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. 451-இல் கால்செடோன் நகரத்தில் கூடிய சங்கத்தின் முடிவை ஏற்றவர்கள் பைசாந்தியத் திருச்சபையில் நின்றார்கள். ஏற்காதவர்களில் சிரியாக் மொழிச் சபை ஒன்று. கேரளத்தின் ஓர்த்தடாக்ஸ் சபைகள் அந்தச் சிரியாக் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபிலும் எட்டு முறைகள் சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு உண்டு. உறவினர்தான், ஆனால் வேறு வீடு.

பைசாந்தியத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் அந்தக் காலத்துல தொடர்பு இருந்ததா?

இசைத் தொடர்புக்குச் சான்று கிடையாது. வணிகத் தொடர்புக்கு உண்டு. கரூர், மதுரை பகுதியிலும் இலங்கையிலும் 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. கர்நாடகத்து அக்கி ஆலூரில் பைசாந்தியத் தங்கக்காசுப் புதையலே கிடைத்தது.

6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், பின்னாளில் எழுதிய நூலில் இலங்கை அரசவையில் நடந்ததாக ஒரு கதை சொல்கிறார். சோபத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் யாருடைய அரசர் பெரியவர் என்று வாதாடினார்கள். சோபத்ரோஸ் இரண்டு நாட்டுக் காசுகளையும் எடுத்து வைக்கச் சொன்னார். ரோமக் காசு பளபளக்கும் தங்கம், பாரசீகக் காசு வெள்ளி. இலங்கை மன்னர் ரோமருக்கே தீர்ப்புச் சொன்னாராம். சொன்னவர் ரோமர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

சாமி நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் இது ஏன் பிடிக்குது?

பல பேரை முதலில் இழுப்பது ஒலி. தாளம் சொல்லைப் பின்தொடர்கிறது, அவசரம் இல்லை, உணர்ச்சியைக் கொட்டிக் காட்டுவதும் இல்லை. சிலர் இத்தாலியின் ராவென்னாவில் 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித விதாலே ஆலயத்துப் பொன் மொசைக்கில் ஜஸ்டினியனையும் அவர் மனைவி தியோடோராவையும் பார்த்துவிட்டு வருவார்கள். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜான் டேவனர் 1977-இல் ஓர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். அவருடைய இசையில் ஈஸோன் போன்ற நீண்ட ஆதார ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். 1997-இல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் ஒலித்த அவருடைய இசை, பைசாந்தியம் என்ற பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்களிடம் அந்தச் சாயலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இது புதிய ஈர்ப்பும் அல்ல. மேலே சொன்ன விளாதிமிர் பல மதங்களைப் பார்த்துவரத் தூதர்களை அனுப்பியதாகப் பழைய ரஷ்ய நாளாகமம் சொல்கிறது. கான்ஸ்டான்டிநோபிள் வழிபாட்டைப் பார்த்தவர்கள், தாங்கள் விண்ணில் இருந்தோமா மண்ணில் இருந்தோமா என்றே தெரியவில்லை என்று திரும்பிவந்து சொன்னார்களாம். வாதம் எதுவும் அவர்களை மாற்றவில்லை, அழகுதான் மாற்றியது.

புதுசா கேக்கறவங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

கிரேக்க ஈஸ்டர் நள்ளிரவில் பாடும் 'கிறிஸ்தோஸ் அநேஸ்தி'யில் இருந்து. சின்னப் பாட்டு, பல முறை திரும்ப வரும், இரண்டு நாளில் வாயில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து கஸ்ஸியா. அப்புறம் லிகூர்கோஸ் அங்கெலோபூலோஸ் (1941–2014) நடத்திய கிரேக்க பைசாந்தியக் குழுவின் பதிவுகள். பழைய பாணி எப்படி இருந்தது என்று தெரிய, கான்ஸ்டான்டிநோபிள் தலைமைப் பாடகர் யாகோவோஸ் நாஃப்ப்லியோதிஸின் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் பதிவுகளைத் தேடுங்கள். இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அரபியில் கேட்க ஆசை என்றால் லெபனானின் ஃபைரூஸ் பாடிய புனித வெள்ளிப் பாடல்கள் இருக்கின்றன.

ஹேகியா சோபியாவுல அன்னிக்கு ஒலிச்ச மாதிரியே இன்னிக்குக் கேக்க முடியுமா?

கொஞ்சம் நெருங்க முடிந்திருக்கிறது. அது அருங்காட்சியகமாக இருந்தபோது உள்ளே பாட அனுமதி இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிஸ்ஸெரா பெஞ்சேவா, ஜோனதன் ஏபல் குழு உள்ளே பலூன்களை வெடித்து, எதிரொலியை மட்டும் பதிவு செய்தது. அந்தக் கட்டடத்தில் ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 11 விநாடி ஆகிறது. அந்த எதிரொலியைக் கணினியில் ஏற்றி, கபெல்லா ரோமானா என்ற பாடகர் குழுவை அதற்குள் பாட வைத்தார்கள். பாடி முடித்த ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் மேல் தொங்கிக்கொண்டே இருப்பதால், அந்த இடத்தில் அவசரமாகப் பாடினால் எல்லாம் குழம்பிவிடும். பைசாந்தியப் பாட்டு ஏன் அவ்வளவு நிதானமாகப் போகிறது என்பதற்கு ஒரு காரணத்தை இதில் காதாலேயே கேட்கலாம்.

ஆனால் 'அதே மாதிரி' என்று சொல்ல முடியாது. கையில் இருக்கும் மெட்டுகள் ஜஸ்டினியனுக்குப் பல நூற்றாண்டு பிந்திய சுவடிகளில் இருந்து வந்தவை. 1204-க்கு முன் ஹேகியா சோபியாவின் பாடகர் குழுவில் காயடிக்கப்பட்ட ஆண்களின் உயர்ந்த குரல்கள் இருந்தன. அந்தக் குரல்கள் இன்று இல்லை, அப்படிப்பட்ட குரல்களை உண்டாக்கிய அந்தக் கொடிய வழக்கம் ஒழிந்ததும் நல்லதே.